கோணமலையில் நிற்கும் இராவணன் யார்?

2019 ஏப்ரலில் இலங்கையின் முதல் செய்மதி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. ஜூனில் அங்கிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கிய, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பெட்டி அது. பெயர் 'இராவணா-1'. அடுத்த மாதமே திருகோணமலை கன்னியாவில், வெந்நீரூற்றுக் கிணறுகளை ஒட்டிய பிள்ளையார் கோயில் நிலம் தொடர்பாகத் தமிழ் மக்கள் போராட்டம் நடத்தினார்கள். அந்தக் கிணறுகளையும் இராவணனோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். 2020இல் இராவணன் விமானம் ஓட்டியதற்கு ஆதாரம் இருந்தால் தாருங்கள் என்று சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை பத்திரிகையில் விளம்பரமே போட்டது.

இதையெல்லாம் அடுத்தடுத்துப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. சீதையைத் தூக்கிப் போனவனும், கோணேசர் மலையில் கும்பிட்ட கையோடு சிலையாக நிற்பவனும், செய்மதிக்குப் பெயர் தந்தவனும் ஒரே ஆள்தானா? பெயர் ஒன்றுதான், கதைகள் வேறு. அவற்றைப் பிரித்து வைத்துப் பார்த்தால்தான் திருகோணமலைக்காரன் எந்த இராவணன் என்பது புலப்படும்.

முதலில் சில சொற்கள்

இராவணன் வெட்டு: கோணேசர் என்ற சிவன் கோயில் நிற்கும் சுவாமி மலையில் (கோணமலை என்பதும் இதுவே), கடலைப் பார்த்த பக்கம் செங்குத்தாக இறங்கும் பிளவு. எட்டிப் பார்த்தால் கீழே கடல்தான்.

கன்னியா: நகரிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஆழம் குறைந்த சதுரக் கிணறுகள் இவை. ஒன்றின் சூடு மற்றதில் இராது.

தென்கயிலாயம் (தட்சிண கைலாசம்): கோணமலைக்குச் சைவ மரபு தந்த பெயர்.

அந்தியேட்டி: இறந்தவருக்குச் செய்யும் கடைசிக் கிரியை. இலங்கைச் சைவர்கள் பெரும்பாலும் 31ஆம் நாளை ஒட்டிச் செய்வார்கள்.

வம்சத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். தந்தை விச்சிரவசு, பிரமனின் மகனான புலத்தியரின் மகன். தாய் கேகசி, அரக்கர் குலத்தவள். ஆக இராவணன் தந்தை வழியில் அந்தணன், தாய் வழியில் அரக்கன். இலங்கையும் புட்பக விமானமும் முதலில் அவனுடைய மாற்றாந்தாய் மகனான குபேரனிடம் இருந்தவை. இராவணன் பிடுங்கிக்கொண்டான். விமானம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகத் தாண்டிவிடுவார்கள். கதைப்படி அவன் அதைக் கட்டியவனும் அல்ல, அதன் முதல் சொந்தக்காரனும் அல்ல.

தமிழில் இராவணன் வந்த வழி

வால்மீகியின் இராமாயணத்தில் கயிலை மலையைத் தூக்கிய கதை கடைசிப் பகுதியான உத்தர காண்டத்தில் வருகிறது. இந்தக் காண்டம் பின்னால் சேர்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. புட்பகம் ஒரு மலையருகே நகராமல் நின்றுபோகிறது. சிவன் இருக்கும் இடம், தாண்டிப் போகக் கூடாது என்று நந்தி தடுக்கிறார். வழியில் நிற்கிற மலையையே பிடுங்கி எறிகிறேன் என்று இராவணன் அதன் அடியில் கையைக் கொடுக்கிறான். சிவன் கால்விரலால் மெல்ல அழுத்துகிறார். நசுங்கிய கைகளோடு அவன் போட்ட அலறலில் மூவுலகமும் நடுங்கியது. 'இராவணன்', அதாவது அலறவைத்தவன் என்ற பெயரே அதனால் வந்தது. ஆயிரம் ஆண்டு துதித்துப் பாடிய பிறகு விடுதலையும் சந்திரகாசம் என்ற வாளும் கிடைக்கின்றன.

வால்மீகியில் இது பல கிளைக்கதைகளில் ஒன்று. தமிழில் இதுவே இராவணனின் அடையாளம் ஆகிவிட்டது. மூன்று சான்றுகள்:

1. கலித்தொகையின் 38ஆம் பாட்டு. ஒரு மதயானை, பூத்து நிற்கும் வேங்கை மரத்தைப் புலி என்று நினைத்துக் கொம்பால் குத்துகிறது. குத்திய கொம்பைப் பிடுங்க முடியாமல் தவிக்கிறது. அதற்கு உவமை, உமையோடு சிவன் இருந்த மலையின் கீழ் கையைக் கொடுத்து எடுக்க முடியாமல் தவித்த "ஐயிரு தலையின் அரக்கர் கோமான்". காதல் பாட்டுக்குள் உவமையாக நுழையும் அளவுக்குக் கதை பழகியிருக்கிறது. சீதையைக் கவர்ந்த கதையும் சங்கப் பாட்டில் உண்டு, புறநானூறு 378இல். ஆக இரண்டு கதையும் தமிழருக்குத் தெரியும். இறுகப் பற்றிக்கொண்டது மலைக் கதையை.

2. தேவாரம். சம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாட்டைப் பெரும்பாலும் இராவணனுக்கே ஒதுக்கினார். அப்பர் பல பதிகங்களை இராவணனைச் சொல்லியே முடித்தார். அகந்தையோடு தூக்கினான், நசுங்கினான், பாடினான், அருள் பெற்றான். அத்தனை ஊர்ப் பதிகங்களிலும் இதே கதை. திருநீற்றுப் பதிகத்தில் "இராவணன் மேலது நீறு" என்றே வருகிறது. தேவாரத்தைப் பொறுத்தவரை அவன் தோற்ற எதிரி அல்லன், அடிபட்டுத் திருந்திய அடியவன்.

3. கம்பர். கதையோட்டத்தில் இராமன் பக்கம் நிற்பவர். ஆனாலும் இராவணனைப் பற்றிச் சொல்லும்போது மலையை விடமாட்டார். முதல் நாள் போரில் எல்லாவற்றையும் இழந்து திரும்பும் காட்சி:

"வாரணம் பொருத மார்பும் வரையினை எடுத்த தோளும்
நாரத முனிவற் கேற்ப நயம்பட உரைத்த நாவும்
தாரணி மவுலி பத்தும் சங்கரன் கொடுத்த வாளும்
வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோ டிலங்கை புக்கான்."

கம்பர் செய்த இன்னொரு மாற்றம் நம் கேள்விக்கு மிக வேண்டியது. வால்மீகியில் இராவணன் சீதையை உடல் தொட்டே தூக்குகிறான். கம்பரில் தொடுவதில்லை. அவள் இருந்த பர்ணசாலையோடு சேர்த்து நிலத்தைப் பெயர்த்தெடுத்துப் போகிறான். சீதையின் தூய்மை கெடக் கூடாது என்பதற்காகச் செய்த மாற்றம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதன் பக்கவிளைவைக் கவனியுங்கள். கயிலையில் கை கொடுத்தவன் பஞ்சவடியிலும் மண்ணோடு பெயர்க்கிறான். தமிழ் இராவணனுக்கு எதையும் வேரோடு எடுத்தால்தான் எடுத்ததாகத் தோன்றும் போல.

அந்தக் கதை கோணமலைக்கு எப்படி வந்தது?

சம்பந்தர் கோணமலைக்கும் பதிகம் பாடியிருக்கிறார். இலங்கையில் தேவாரம் பெற்ற தலங்கள் இரண்டு, ஒன்று திருக்கேதீச்சரம், மற்றது இது. வழக்கம்போல எட்டாம் பாட்டில் இராவணன் வருகிறான்: "எடுத்தவன் தருக்கை இழித்தவர் விரலால்". பெயர்கூட இல்லை, 'எடுத்தவன்' என்றாலே போதுமாக இருந்திருக்கிறது. ஆனால் இந்தப் பாட்டு சொல்வது கயிலையைத்தான். இராவணன் கோணமலையை வெட்டினான் என்றோ, இங்கே வந்து வழிபட்டான் என்றோ அதில் இல்லை. "இராவணன் வெட்டு தேவாரத்திலேயே இருக்கிறது" என்று சொல்லக் கேட்டால், அது இந்த எட்டாம் பாட்டைத் தவறாகப் பிடித்ததனால் வருவது.

வெட்டுக் கதை தலபுராண மரபிலும் ஊர் வழக்கிலும் வளர்ந்தது. வளர்ந்த வழியை இப்படி ஊகிக்கலாம்:

1. ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் யார் பெரியவர் என்று போட்டி. அதில் கயிலை மலையிலிருந்து மூன்று துண்டுகள் பறந்து விழுகின்றன. காளத்தி, திரிசிராமலை, கோணமலை என்பவை அந்த மூன்று. ஆக கோணமலை கயிலையைப் போன்ற மலை மட்டுமல்ல, கதைப்படி அதிலிருந்தே வந்த துண்டு.

2. கயிலை என்றால் அதைத் தூக்க ஒருவன் வேண்டும். அவன் இலங்கை வேந்தன். அவன் நாட்டிலேயே ஒரு கயிலை இருக்கும்போது வடக்கே போவானேன்?

3. மலையில் ஏற்கெனவே ஒரு பிளவு இருக்கிறது. பார்ப்பவர் எவரும் இது எப்படி வந்தது என்று கேட்கத்தான் செய்வார்கள். பதில் தயாராக இருந்தது.

வால்மீகி இலங்கை நகரைத் திரிகூட மலையின் உச்சியில் வைக்கிறார். திரிகூடம், திரிகோணம் என்ற ஓசை ஒற்றுமையை வைத்து இரண்டும் ஒன்றே என்று வாதிடுவோரும் உண்டு. ஓசை மட்டும் ஒத்துப்போவதை நான் சான்றாக எடுக்கமாட்டேன். தென்கயிலாயம் என்ற பெயரே கதையை விளக்கப் போதும்.

வெட்டும் கன்னியாவும்: ஒரே கதையின் இரண்டு பாதி

ஊரில் வழங்கும் கதை இது. இராவணனும் அவன் தாயும் கோணேசரை வழிபடுபவர்கள். தாய் முதுமையால் தளர்ந்துபோகிறாள், கோயிலுக்கு வர முடியவில்லை. அப்படியானால் கோயிலை அம்மாவிடம் கொண்டுபோகிறேன் என்று மகன் புறப்படுகிறான். மலையைப் பெயர்க்க வாளை ஓங்கி வெட்டுகிறான். வெட்டிய வாள் எது என்பதைக் கதை பெரிதாகச் சொல்வதில்லை. சிவன் தந்த சந்திரகாசம்தான் என்று நினைத்துப் பார்த்தால் கதையின் கசப்பு இன்னும் கூடும்.

சிவன் தடுக்கிறார், மலை அசையவில்லை, பிளவு மட்டும் மிஞ்சுகிறது. அப்புறம் திருமால் ஒரு முதிய அந்தணர் வடிவில் வந்து தாய் இறந்துவிட்டாள் என்கிறார். இராவணன் மலையை விட்டுவிட்டுக் கிரியைக்கு இடம் தேடுகிறான். அந்தணர் கைத்தடியால் நிலத்தில் ஏழு இடத்தில் ஊன்ற, ஏழு ஊற்றுகள் பொங்குகின்றன. அந்த நீரில் மகன் தாய்க்கான கடனைச் செய்கிறான். அந்த இடம்தான் கன்னியா. செய்தி உண்மையா, அவனை மலையிலிருந்து இறக்கச் சொன்ன பொய்யா என்பது கதை சொல்பவரைப் பொறுத்து மாறும்.

இங்கே சீதை எங்கே? இல்லை. இராமனும் இல்லை. போர் இல்லை, அனுமன் வைத்த தீ இல்லை. சீதையின் சோகத்தைச் சொல்லும் இடங்கள் மலைநாட்டில் இருக்கின்றன, நுவரெலியா பக்கத்துச் சீதா எலிய போல. திருகோணமலை தன் இராவணனுக்கு எடுத்துக்கொண்டது வேறு இரண்டை: ஒரு மலை, ஒரு தாய். கயிலைக் கதையில் அவன் மலையைத் தொட்டது திமிரால். கோணமலையில் அதே செயலை அம்மாவுக்காகச் செய்கிறான். செயல் மாறவில்லை, காரணம் மாறிவிட்டது. இந்த ஊர் அவனுக்குச் செய்த மிகப் பெரிய திருத்தம் அதுதான்.

அவலம் எங்கே இருக்கிறது?

பெரிய வீரன் அழிந்தால் மட்டும் அவல நாயகன் ஆகிவிடமாட்டான். அழியாத வீரன் யார்? தமிழில் இதை அளக்க ஒரு பழைய கருவி உண்டு. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களம் சொல்கிறது: "இளிவே இழவே அசைவே வறுமை". பிறர் முன் எளியவனாதல், உறவை இழத்தல், இருந்த நிலை கெடுதல், வேண்டியது கிட்டாமை.

இளிவு: கயிலையின் கீழ் நசுங்கிய கை ஒரு பக்கம். அதைவிடக் கொடியது, ஆயுதம் இழந்து நின்றவனை இராமன் கொல்லாமல் "இன்று போய் நாளை வா" என்று அனுப்பியது. தோல்வி வேறு, எதிரியின் இரக்கம் வேறு. இரண்டாவதைத் தாங்குவது கடினம்.

இழவு: கும்பகருணன், இந்திரசித்து, இன்னும் பல மக்கள். விபீடணன் உயிரோடு இருந்தும் எதிர்ப்பக்கம். கோணமலைக் கதை இந்தப் பட்டியலில் தாயையும் சேர்க்கிறது.

அசைவு: வால்மீகியிலும் கம்பரிலும் அவன் பிரமனிடம் பெற்ற வரத்திலேயே இதற்கு வித்து இருக்கிறது. தேவர், அசுரர், இயக்கர் யாரும் கொல்லக் கூடாது என்று கேட்டவன், மனிதரை ஒரு பொருட்டாக எண்ணாமல் விட்டுவிட்டான்.

வறுமை: அந்த வெறுங்கையை மேலே பார்த்தோம். அரசு, படை, செல்வம் எல்லாம் இருந்தும் நெஞ்சில் வைத்த ஒன்று கடைசிவரை கிட்டவில்லை.

ஆனால் அவலத்தின் மையம் இந்த நான்கிலும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவனுக்குத் தெரிந்தே நடக்கிறது என்பதில் இருக்கிறது. இந்திரசித்து போர்க்களத்திலிருந்து வந்து, சீதையை விட்டுவிடுங்கள் என்கிறான். கம்பரின் இராவணன் அதற்குச் சொல்லும் பதிலில் சாக்குப்போக்கு இல்லை. இறந்தவர்களை நம்பியோ, இருப்பவர்களை நம்பியோ, உன்னை நம்பியோ இந்தப் பகையைத் தேடவில்லை, "என்னையே நோக்கி யான் இந்நெடும் பகை தேடிக் கொண்டேன்" என்கிறான். அடுத்து, நான் வெல்லாவிட்டாலும் இராமன் பேர் நிற்கும் காலமெல்லாம் என் பேரும் நிற்கும் என்கிறான். தோல்வி வரும் என்று தெரிந்த பிறகு அவன் போட்ட கணக்கு அது.

அவன் விழுந்த பிறகு மண்டோதரி புலம்பும் பாட்டின் தொடக்கம் "வெள்ளெருக்கஞ் சடைமுடியான் வெற்பெடுத்த திருமேனி". பிணமாகக் கிடப்பவனை மனைவி அடையாளம் சொல்வதும் மலையை வைத்தே. உடலில் எள் வைக்க இடமில்லாமல் அம்பு துளைத்தது, சானகிமேல் வைத்த காதல் உள்ளே எங்காவது ஒளிந்திருக்கும் என்று தேடியதாலா என்று கேட்கிறாள். கம்பரில் அவளும் அங்கேயே உயிர் விடுகிறாள். சீதையைச் சிறை வைத்த குற்றத்தை இதில் எதுவும் குறைக்கவில்லை. அசோகவனத்தில் இருந்தவளின் பக்கத்திலிருந்து பார்த்தால் இவன் நாயகனே அல்லன். அதையும் மறைக்காமல் எழுதியவர் கம்பர்.

இன்று யார் எப்படிச் சொந்தம் கொண்டாடுகிறார்கள்?

சைவத் தமிழருக்கு அவன் சிவபக்தன். இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுத் திராவிட இயக்கம் அவனை வடவர் படையெடுப்பை எதிர்த்த தென்னவனாக்கியது. அந்தப் பார்வை கடல் தாண்டியும் வந்தது. ஆனால் அதற்கு அவனது அந்தண வம்சம் இடைஞ்சல், பெரும்பாலும் பேசாமல் விட்டார்கள்.

சிங்கள மக்களிடையே இப்போது பரவும் இராவணன், அறிவியலும் மருத்துவமும் விமானமும் அறிந்த பழங்கால அரசன். இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தில், முதல் அரசன் விஜயன் வந்திறங்கியதைச் சொல்லும் பகுதியில் இயக்கர்கள் உண்டு, அவன் மணந்த இயக்கி குவேனி உண்டு, இராவணன் இல்லை. அதற்காக பௌத்தத்துக்கு அவன் முழுதும் அந்நியன் என்றும் சொல்லிவிட முடியாது. மகாயான நூலான இலங்காவதார சூத்திரத்தில் புத்தரிடம் அறம் கேட்பவனே இராவணன்தான். சுற்றுலாத் துறைக்கு அவன் 'இராமாயணப் பாதை'யில் இந்தியப் பயணிகளை வரவழைக்கும் பெயர்.

எல்லாரும் ஆளுக்கொரு இராவணனை வைத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பெயரோடு நிலம் ஒட்டியிராத இடத்தில் ஒன்றும் கெடாது, செய்மதிக்கு யாரும் எல்லை வேலி போட முடியாது. வெட்டும் கன்னியாவும் அப்படியல்ல. கதையை யார் சொல்வது என்ற கேள்வி இங்கே வந்தவுடன் பலகையில் என்ன எழுதுவது, கிரியை செய்ய யாருக்கு இடம், நிலம் யாருடையது என்று மாறிவிடுகிறது. 2019இன் கன்னியாப் பிரச்சினையை வெறும் புராணச் சண்டையாகப் பார்த்தால் புரியாமல் போவது இதனால்தான்.

பாறையும் வெந்நீரும்

இயற்கை விளக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சுவாமி மலையின் பாறை மிகப் பழையது, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறியது. இத்தகைய பாறைகளில் இயல்பாகவே வெடிப்புக் கோடுகள் ஓடும். அலையும் மழையும் அவற்றை அகலமாக்கும். கன்னியாவில் எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போகப் பூமியின் சூடு, கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடும். சூடேறிய நீர் வேறொரு வெடிப்பு வழியாக மேலேறுகிறது. வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கலக்கும் அளவு வேறுபடுவதால் கிணற்றுக்குக் கிணறு சூடும் வேறுபடலாம். மகா ஓயா, அம்பாந்தோட்டைப் பக்கத்து மகாபெலஸ்ஸ போன்ற இலங்கையின் மற்ற வெந்நீரூற்றுகளும் பெரும்பாலும் இதே போன்ற நிலவமைப்பில்தான் இருக்கின்றன. அங்கெல்லாம் இராவணன் தாய்க்குக் கிரியை செய்ததாகக் கதை இல்லை.

இந்த விளக்கத்தால் அந்தியேட்டி வழக்கம் மாறப்போவதில்லை, மாறவும் தேவையில்லை. இலங்கைச் சைவர்கள் தந்தையை இழந்தவர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தவர் சித்திராப் பௌர்ணமியிலும் விரதம் இருப்பார்கள். கன்னியாவில் கிரியைக்கு வருபவர்கள் ஏழு கிணற்றிலும் வாளியால் நீர் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் அங்கே நினைத்துக்கொள்ளும் இராவணன், அம்மா செத்த செய்தி கேட்டு வாளைக் கீழே போட்டுவிட்டு வந்தவன்.